சிவப்பு ஸ்டிக்கர்

"எதிர்வீட்டுக்காரன் வேலைதான் இது. சந்தேகமே இல்ல," என்றபடி தயிர் டப்பாவை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊரே காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவன் சமையலறைத் தரையில் வாரக் குப்பையைப் பரப்பி வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தான். பேப்பர் நீலப் பெட்டிக்கு, பிளாஸ்டிக் மஞ்சளுக்கு, தோல், சக்கை எல்லாம் பச்சைக்கு. புது நாட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இதுதான்.

மற்றதெல்லாம் திண்டாட்டம். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுவான், தள்ள வேண்டியதை இழுப்பான். பஸ்ஸில் முன்வாசலில் ஏறப் போனால் பின்வாசலைக் காட்டுவார்கள். ஆபீஸில் அவன் பெயரை ஆளுக்கொரு விதமாகக் கடித்துக் குதறினார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டான்.

குப்பையில் தோற்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. மாத்திரையில் முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் வீட்டு நீலப் பெட்டியில்தான் திங்கட்கிழமை தவறாமல் சிவப்பு ஸ்டிக்கர் விழுந்துகொண்டிருந்தது.

பெட்டி சரியாக இருந்தால் வண்டிக்காரர்கள் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். தப்பாக இருந்தால் நகராட்சியின் சோதனைக்கார அம்மா ஸ்டிக்கரை ஒட்டி, மணியடித்து, எதை எதில் போட வேண்டும் என்று நின்று நிதானமாக விளக்கிவிட்டுத்தான் நகர்வார்.

"பேப்பர் பெட்டியில தோலும் சக்கையும் நாங்க போடல, வேற யாரோ போடுறாங்கன்னு அந்தம்மாகிட்ட நீ சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தைய வச்சிக்கிட்டு என்னத்தங்க சொல்ல?" மனைவி தலை நிமிராமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன திங்கட்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். இன்னொரு ஸ்டிக்கர் விழுந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வீடு கிடைப்பதற்கே அவன் ஏறி இறங்காத படி இல்லை. மறுபடி முதலிலிருந்து அலைய அவனால் ஆகாது.

அன்றைக்கு அந்தக் கடுப்பில் கண்ணில் பட்டதெல்லாம் அவனுக்குக் குற்றமாகத் தெரிந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்த கப்புகளைக்கூட விடவில்லை. "ஒருத்தி டீ குடிக்க எதுக்கு ரெண்டு கப்பு?" என்று பாய்ந்தான். "ஒண்ணு ஆறிப்போச்சுங்க," என்றாள் அவள்.

இப்போது அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எதிர்வீட்டுக்காரரா இருக்காதுங்க. அவரு பாட்டுக்கு வராரு, போறாரு."

"அதான் சந்தேகமே. வந்த நாள்லேருந்து ஒரு தடவையாவது சிரிச்சிருக்கானா? இந்தத் தெருவுல எவன்தான் நம்மகிட்ட பேசுறான்?"

அவள் மறுபடி பீன்ஸை நறுக்க ஆரம்பித்தாள். மனதில் போட்ட திட்டத்தை அவன் அவளிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்றால் வம்பு வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, தெருமுனை பஸ் நிழற்குடைக்குப் பின்னால் பதுங்கினான். குளிர் காதைக் கடித்தது. வந்த பஸ் ஒவ்வொன்றும் அவனுக்காக நின்று கதவைத் திறந்து, முறைத்துவிட்டுப் போனது. படித்த படிப்பென்ன, பார்க்கிற வேலையென்ன, கடைசியில் குப்பைப் பெட்டிக்குக் காவல் இருக்கும்படி ஆகிவிட்டதே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவன் செல்போனைத் தூக்கி வீடியோவை ஓடவிட்டான்.

எதிர்வீட்டுக்காரன் தெருவைத் தாண்டி நேராக நீலப் பெட்டிக்குத்தான் வந்தான். வந்தவன், காற்றில் திறந்துகிடந்த மூடியைச் சாத்தினான், கோணலாக நின்ற பெட்டியை நேராக்கி வைத்தான், திரும்பிப் போய்க் காரில் ஏறிவிட்டான்.

சே என்று செல்போனைத் தாழ்த்தப் போனபோது, இவன் வீட்டுக் கதவே திறந்தது. மனைவி வெளியே வந்தாள். தலையை வாரிப் பின்னி, வெளியே போகும்போது மட்டும் போடுகிற நல்ல சுடிதாரைப் போட்டிருந்தாள். இடமும் வலமும் பார்த்தாள். கையிலிருந்த வாழைப்பழத் தோலையும் டீச் சக்கையையும் நீலப் பெட்டிக்குள் போட்டு, மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

தெருவை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கே தெரியாது. சமையலறை வாசலில் போய்த்தான் நின்றான். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"நீயா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்துப்போனது.

"வாரா வாரம் பைத்தியக்காரன் மாதிரி டப்பாவ கழுவிக்கிட்டு கிடக்கிறேன். எதிர்வீட்டுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ கம்முனு கேட்டுக்கிட்டு இருந்திருக்க. வீடு போயிரும்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

அவள் அடுப்பைத் தணித்தாள். "காலையில நீங்க போனா ராத்திரிதான் வரீங்க. நடுவுல இந்த வீட்டுல ஒரு குரல் கிடையாதுங்க. பல நாள் என் குரலே எனக்கு மறந்துபோவுது."

"அதுக்கும் குப்பைக்கும் என்னடி சம்பந்தம்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது கப்பையும் எடுத்து மேடையில் வைத்தாள்.

"பெட்டி சரியா இருந்தா அந்தம்மா பெல் அடிக்க மாட்டாங்களே."