சாப்பாட்டு வேளையில் ஓடிய கேமரா

டேப் காணாமல் போனது வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில்.

'லாஸ்ட் டிராம்' என்ற ராக் குழு மூன்று வாரமாக வாசித்துப் பதிவு செய்த எட்டுப் பாட்டும் அந்த ஒரு டேப்பில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. திங்கட்கிழமை அது ரெக்கார்ட் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

இடம், ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டு மாடி. டிரம்ஸ் வாசிக்கும் சண்முகசுந்தரத்தின் வீடு. அவன் அப்பா சுயம்புலிங்கத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. எழுபத்து மூன்றாம் வருடத் தீபாவளிக்கு விலைபோகாத ஜமுக்காளங்கள் எல்லாம், சத்தம் வெளியே போகாமலிருக்க, மாடிச் சுவர்களில் தொங்கின.

ரெக்கார்ட் உருவாகும் கதையை டாகுமெண்டரியாக எடுக்க வந்தவன் பொன்னுரங்கம். சைதாப்பேட்டைக்காரன். உதவியாள் இல்லை. கேமராவை யாரையும் தொட விடமாட்டான். மற்றபடி தங்கமான மனிதன். யார் கேட்டாலும் முகம் கோணாமல் எடுப்பான். சமையல்காரி பேச்சியம்மாள் மாவாட்டுவதை இரண்டு தடவை எடுத்தான்; முதல் தடவை தலை கலைந்திருந்ததாம். சுயம்புலிங்கம் பட்டு வேட்டியில் மாடிப்படி இறங்கி வருவதை மூன்று தடவை எடுத்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் மெஹபூப் பாஷா வந்தார். ஜமுக்காளங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார்.

"இதுல வெளியாள் யாரு?"

எல்லாரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள்.

"நானும் இவங்களோடதான் கீழ சாப்ட்டுக்கினு இருந்தேன் சார்."

"மோர் வேணாம்னு நடுவுல எழுந்து போனியே மச்சி," என்றான் கிதார் வாசிக்கும் ஷரீஃப்.

"தெருமுனைக் கடைக்குப் போனேன். போன் பண்ண."

"யாருக்கு?" என்றார் பாஷா.

"ஒரு ஆபீசுக்கு சார்."

"இன்னா ஆபீசு?"

பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது.

அப்போதுதான் ஷரீஃப் துள்ளினான். "சார், கேமரா! இவன் அதை நிறுத்தாமலே சாப்பிட வந்துட்டான். கடைசியா எறங்குனவன் நான்தான். கிர்ருனு ஓடிக்கினே இருந்துச்சு. டேப் வெச்சிருந்த அலமாரியப் பாத்துதான் நின்னுச்சு. எடுத்தவன் மூஞ்சி அதுல விழுந்திருக்கும்!"

பாஷா மீசையைத் தடவிக்கொண்டார். "அப்புறம் இன்னா நைனா, வேலை முடிஞ்சுது. படத்தைப் போட்டுக் காட்டு."

பொன்னுரங்கத்தின் சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. "இன்னும் கழுவல சார். லேப்ல கூட்டம்."

"எத்தினி நாளாவும்?"

"ஒரு வாரம்... பத்து நாள்கூட ஆவும்."

"அதுல உன் மூஞ்சி கீதா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப இன்னாத்துக்கு நடுங்குறே? நாளைக்குப் பத்து மணிக்குப் படம் இங்க வரணும். வரலேன்னா எடுத்தவன் நீதான்னு எழுதிக்குவேன். சைதாப்பேட்டை கோர்ட்டு உனக்குப் பக்கம்தானே? பஸ்ஸுகூட வேணாம்."

மறுநாள் விடிந்ததும் பொன்னுரங்கம் டிரங்குப் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கதவு தட்டப்பட்டது.

போலீஸ் இல்லை. மஞ்சள் பையோடு சுயம்புலிங்கம்.

"தம்பி, படத்துல நான் எடுக்கது முதுகா தெரியுதா, முகமா?"

பொன்னுரங்கம் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தான்.

"முகம்," என்றான்.

"நல்லாத் தெரியுதோ?"

"பளிச்சுனு தெரியுது."

சுயம்புலிங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆளில்லாம அது தானா ஓடும்னு யாரு கண்டா?" பையிலிருந்து டேப்பை எடுத்து வைத்தார். "ஒத்தப் பையன் தம்பி. இது ரெக்கார்டா வந்துட்டா பம்பாய்க்குப் போயிருவாம்லா. கடையில யாரு உக்காருவா? போலீஸ்காரன் பாக்கதுக்கு முன்னால அந்த எடத்தை வெட்டிருங்க. பெத்த மவன்கிட்டயே திருடுனாம்னு ஊரு சிரிக்கும்."

"வெட்டலாங்க. ஆனா அவனைப் பம்பாய்க்கு நீங்களே ரயிலேத்தி விடணும்."

அவர் டேப்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சரி," என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "தம்பி, பட்டு வேட்டியில எறங்கி வந்தேம்லா, அதையும் சேத்து வெட்டிராதீய."

"அதைத் தொடவே மாட்டேங்க."

பத்து மணிக்கு ஒரு ஜமுக்காளத்துக்குப் பின்னாலிருந்து டேப் விழுந்தது. ஷரீஃப் அதை முத்தமிட்டான். சண்முகசுந்தரம் அழுதான். அந்தப் பிலிம் சுருள் மட்டும் லேபில் கழுவும்போது பாழாகிவிட்டது என்றான் பொன்னுரங்கம்.

"நேத்து நான் தூக்கிப் பாத்த ஜமுக்காளம்பா இது," என்றார் பாஷா.

சுயம்புலிங்கம் அவர் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார். பாஷா நோட்டை மூடினார்.

பொன்னுரங்கம் வீடு திரும்பியபோது கதவிடுக்கில் ஒரு அரசாங்கத் தபால் கிடந்தது. தினமும் போன் செய்து அவன் நச்சரித்த ஆபீஸிலிருந்து வந்த பதில். கச்சா பிலிம் கேட்ட அவனுடைய மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. ஒதுக்கீடு கிடைக்கும்வரை ஓர் அடிகூடப் படமெடுக்கக் கூடாது.

பொன்னுரங்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். பிலிம் இன்று வரும், நாளை வரும் என்று மூன்று வாரமாக வெறும் கேமராவைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.