வீங்காத ஒன்று

"கையைக் காட்டு. முழங்கை வரைக்கும்."

கண்ணாடிக் கதவின் முன்னால் துவாயோடும் தலைமயிர் காயவைக்கும் மெஷினோடும் நின்றாள் றபீக்கா. அந்தப் பெட்டரி அறைக்கு அவள்தான் பொறுப்பு. கை, முகம் கழுவி லுஹர் தொழுதுவிட்டு வந்த ஷாஹினா, களவெடுத்துப் பிடிபட்டவள் போல இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"உளூச் செஞ்ச தண்ணி எப்பயோ காஞ்சிட்டு ராத்தா. இனிக் கலியாணப் பொண்ணுக்கு மாதிரி முடியையும் காயவைக்கப் போறீங்களா?"

"ஓம். திரும்பு."

கல்முனைக் கடற்காற்றில் இருந்துகொண்டு லித்தியம் பெட்டரி செய்வது லேசான காரியமல்ல. ஒரு துளி ஈரம் போதும், எல்லாம் வீணாகிவிடும். அறைக்குள் காற்றையே உலர்த்தித்தான் விட்டார்கள். மூச்சின் ஈரம் பட்டாலும் ஆகாதென்று எல்லோருக்கும் மாஸ்க். அப்படியிருந்தும், நோயாளியின் நெஞ்சில் ஒட்டித் துடிப்பைப் பார்க்கும் கருவிக்கென்று செய்தவை இரண்டு தடவையும் சூட்டுச் சோதனையில் வீங்கிப்போயின.

மூன்றாம் தடவையும் வீங்கினால், பெட்டரி கேட்ட கொழும்புக் கொம்பனி வேறு ஆளைப் பார்க்கும். அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

றபீக்காவுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றிருந்தது. கணவரை அம்புலன்சில் ஏற்றிப் போன அன்று, துடிப்பைக் காட்டிய திரை பெட்டரி இறங்கிப் பாதி வழியில் இருண்டது. அவர் எந்த இடத்தில் உயிர் பிரிந்து மௌத்தானார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"என்னைப் புடிச்சு வெச்சிக் காயப்போடுறீங்க. உள்ளுக்கு இரிக்கிற ஸகியா மாமிய ஒண்டும் கேக்க மாட்டீங்க," என்றாள் ஷாஹினா.

"அவவைப் பார்த்துப் பழகு."

உண்மைதான். பெட்டரிகளை மூடி ஒட்டும் கடைசி வேலை எப்போதும் ஸகியா மாமியுடையது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொன்றையும் இரண்டு கைகளாலும் முகத்தருகே தூக்கி, தலைகுனிந்து சற்று நேரம் வைத்திருந்த பிறகே மூடுவார். பிள்ளையை ஏந்துவது போல இருக்கும்.

"இப்பிடி உத்துப் பார்த்தா அஸருக்கும் முடியாது," என்று முணுமுணுத்த ஷாஹினா, கண்ணாடியில் தட்டினாள். "மாமி, கடைசி ஒண்டுதானே. கெதியா முடிங்க."

அஸர் தொழுகை முடிந்த பிறகு சூட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். பத்தில் ஒன்பது, பொரித்த பப்படம் போல உப்பியிருந்தன.

றபீக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

பிறகுதான் பத்தாவது கண்ணில் பட்டது. கடைசியாக மூடியது. புதுக்காசு போலத் தட்டையாகக் கிடந்தது. றபீக்கா அதை அளவு பார்க்கும் கருவியில் கொளுவினாள். முழுச் சக்தியும் இருந்தது.

"மாமி," என்று அதைக் கையில் எடுத்துக் காட்டினாள். "இதுக்கு மட்டும் என்ன செஞ்சீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இனி எல்லாத்துக்கும் அதத்தான் செய்யணும்."

ஸகியா மாமியின் முகம் வெளிறியது. குற்றவாளி போல முந்தானையைத் திருகினார்.

"கோவிக்காத புள்ள. இவள் கதவத் தட்டின அவசரத்தில, அது ஒண்டுக்கு மட்டும் மாஸ்க்கக் கழட்டி, நோயாளிக்குச் சுகம் கெடைக்க ஓதி ஊத மறந்திட்டன்."