அண்ணனின் நுரையீரல்

அண்ணனின் நுரையீரல் அக்காவுக்குப் பொருந்தவில்லையாம். டாக்டரம்மா ஒரே வரியில் முடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவுக்கு நுரையீரல் இரண்டும் போய்விட்டன. இரண்டு பேர் ஆளுக்கொரு துண்டு வெட்டிக் கொடுத்தால் பிழைப்பாள். ஒரு துண்டு, அக்காவைக் கட்டிய அத்தான் தருகிறார். இன்னொன்றுக்கு, நாங்கள் வாய் திறக்குமுன்பே அண்ணன் முந்திக்கொண்டான்.

அவனுக்கா பொருந்தாது? தினமும் நீச்சல் அடிப்பவன். சிகரெட் இருக்கும் திசையில்கூடத் தலைவைத்துப் படுக்காதவன். குழாயில் ஊதச் சொன்னபோது நர்ஸே வாயைப் பிளந்தாளாம். இவர்கள் என்னத்தைப் பரிசோதித்துக் கிழித்தார்களோ!

அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்று அம்மாவும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்னை முன்னால் தள்ளினாள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இஷ்டமில்லன்னா இங்கயே சொல்லிடும்மா. வெளிய யாருக்கும் தெரியாது. பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்வேன். குடுக்க வர்ற எல்லார்கிட்டயும் முதல்ல இதைத்தான் சொல்றது."

எல்லாரிடமும்.

அண்ணனும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் இதையேதான் சொன்னீர்களா என்று கேட்டேன். உன்னைப் பற்றி மட்டும் பேசுவோம் என்றார்.

பாவி. அப்படியே எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருந்தது. அப்படியொரு அழுகை! அப்படியொரு முட்டல்!

எனக்கும் பயம்தான். நெஞ்சைப் பிளப்பார்கள் என்றால் யாருக்குத்தான் இருக்காது? எனக்கு அடுத்து முன்னால் தள்ளிவிட வீட்டில் வேறு ஆள் இல்லை.

தருகிறேன் என்றேன். அக்காமேல் இருந்த பாசத்தில் சொன்னேனா, அவன்மேல் வந்த ஆத்திரத்தில் சொன்னேனா, தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். அம்மாவின் தோளிலிருந்து அண்ணன் தலையைத் தூக்கினான். எழுந்து வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"பயப்படாத. அண்ணன் இருக்கேன்ல" என்றான்.