வெள்ளிப்புலி வாங்கிய அடி

"அந்த நாற்காலி உங்க முதுகுல விழுந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னும் எனக்குத்தான் வலிக்குது" என்றாள் தையல்காரம்மா. கீழ் வாசலில் தண்ணீர் கேன் இரண்டு வந்து இறங்கி ஒரு மணி நேரமாகிறது. தூக்கத்தான் ஆளில்லை.

சோபாவில் சாய்ந்திருந்த கணவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகிக்கொண்டார். "எனக்கென்ன தூக்கக் கூடாதுன்னு ஆசையா? குனிஞ்சா நிமிர முடியலையே."

இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. கேன், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, கைக்குழந்தையாக இருந்த மகள், எல்லாமே இந்த இரண்டு மாடியையும் ஏறியது அவள் தோளில்தான். போன மாதம் அந்தத் தோளும் மக்கர் செய்துவிட்டது. இனிமேல் கனம் தூக்கினால் தையல் மெஷினை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தார்கள். பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டிய வீடு. அங்கே உட்கார்ந்தால் கறுப்பு நூல் எது, கருநீல நூல் எது என்று தெரியாது. இந்த ஜன்னலோர வெளிச்சத்தில்தான் அவள் இத்தனை வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். இதை விட்டுப் போக அவளுக்குக் கொஞ்சம்கூட மனசில்லை. ஆனால் அந்த வீட்டுச் சாவி மேஜைமேல் கிடந்தது. சாயங்காலத்துக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

சோபாவில் சாய்ந்திருக்கும் இந்த வீராதி வீரர் ஒரு காலத்தில் டிவியில் வந்த மல்யுத்தக்காரர். முகமூடி போட்ட 'வெள்ளிப்புலி' என்றால் அவர்தான். ஒருநாள் முதுகில் விழுந்த நாற்காலி அடியோடு மல்யுத்தத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சினிமாக் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். அக்கம்பக்கத்தில் இன்னமும் 'புலி' என்றுதான் பெயர்.

மகள் பென்டிரைவோடு வந்தாள். வீடியோ எடிட்டிங் கடையில் வேலை பார்க்கிறவள். அப்பாவின் அந்தக் கடைசி நிகழ்ச்சி பழைய கேசட்டில் பூசணம் பிடித்துக் கிடந்ததாம். கூட வேலை பார்ப்பவர் அதைச் சுத்தம் செய்து பளிச்சென்று ஆக்கிக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அவளே இன்னும் பார்க்கவில்லையாம்.

"இப்ப இதுதான் ரொம்ப முக்கியம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் தையல்காரம்மா. ஆனாலும் உட்கார்ந்தாள். தோள் வலிக்கு எங்கேயாவது உட்கார வேண்டியிருந்தது.

டிவியில் வெள்ளிப்புலி துள்ளிக் குதித்து வந்தது. சோபாவில் இருந்த புலிக்கும் உற்சாகம் தாங்கவில்லை. யார் எப்போது விழுவது, யார் ஜெயிப்பது, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான் என்று மகளுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். "அந்த நாற்காலி அடி மட்டும்தாம்மா நிஜம். அது மட்டும் பேசி வைக்காதது."

தையல்காரம்மாவுக்கு வேறு ஏதோ உறுத்தியது. "என்னங்க, முகமூடி ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்குது? உங்க தலைக்கு அளவெடுத்து நான்தானே தைச்சேன். கண்ணே சரியா தெரியலையே."

"வேர்வையில சுருங்கியிருக்கும்" என்றார் புலி.

அவள் தைத்த துணி எதுவும் சுருங்கியதாகச் சரித்திரமே இல்லை.

இரும்புத்தலையன் என்ற எதிராளி வெள்ளிப்புலியை மேடையிலிருந்து கீழே இழுத்துப் போட்டான். கூட்டத்துக்கு முன்னால் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, ஒரு மடக்கு நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கினான். அந்தக் காலத்தில் கேசட் ஓடும்போதெல்லாம் இந்த இடம் வந்தால் அவள் அடுப்படிக்கு ஓடிவிடுவாள். இன்று எழுந்து ஓடத் தெம்பில்லை. முதல்முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தாள்.

"போதும், நிறுத்தும்மா. பார்த்தாலே வலி எடுக்குது" என்றார் புலி.

"நிறுத்து. ஆனா அணைக்காதே" என்றாள் தையல்காரம்மா. அவள் குரல் மாறியிருந்தது. "பின்னாடி மூணாவது வரிசையைப் பெரிசு பண்ணு."

மகள் பெரிதாக்கினாள். நாற்காலி முதுகில் விழுந்த நொடியில் கூட்டமே எழுந்து நின்றது. அதில் ஒருவர் மஞ்சள் கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். துணி போதாமல் பாக்கெட்டுக்கு மட்டும் பச்சைத் துணி வைத்துத் தைத்த சட்டை. கல்யாணமான புதிதில், அவள் கையால் தைத்தது.

அந்தப் பச்சை பாக்கெட் நிறைய வேர்க்கடலை. அதற்கு மேலே, அரும்பு மீசையோடு, வெள்ளிப்புலி வாங்கிய அடிக்கு விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார் அவள் கணவர்.

சோபாவில் இருந்தவர் ஒரே தாவலில் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றார். ஒரு முனகல்கூட இல்லை.

தையல்காரம்மா மேஜைமேல் இருந்த சாவியை எடுத்து மகளிடம் நீட்டினாள். "இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வா. வரும்போது நீ வெறுங்கையோட வந்தா போதும், கேன் ரெண்டையும் அப்பா தூக்கிட்டு வருவாரு."