பக்கத்து இருக்கை

இரத்மலானை விமானக் கொட்டகையின் தகரக் கூரையில் மத்தியான வெயில் கொதிக்கிறது. சின்ன விமானத்தின் மூக்கில், நோஞ்சான் எஞ்சினைக் கழற்றிய இடத்தில், ஒன்றரை மடங்கு பலமுள்ள புது எஞ்சின் பளபளக்கிறது. பூட்டியவர் வெள்ளவத்தை நமசிவாயம். பூட்டியவரே முதல் பறப்பில் விமானிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது இங்கே வழக்கம். உட்காராதவரின் வேலையை அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள். போர்க்காலக் காவலுக்கு நிற்கும் சிங்கள இராணுவ அதிகாரி நமசிவாயத்தின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அரைகுறைத் தமிழில் சீறுகிறார். “பெரிய எஞ்சின் எதுக்கு, யாழ்ப்பாணத்துக்கு ஓடவா? தமிழாக்கள் ஏற ஏலாது!” விமானி பெரேரா உள்ளிருந்து கதவைத் திறந்து பிடிக்கிறார். நமசிவாயம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அதிகாரியின் தோளை உரசியபடி ஏறி உட்காருகிறார். “அட்டையை நீங்களே வச்சிருங்கோ, மாத்தயா. இறங்கி வந்து வாங்கிறன்.”