ஜன்னலடியில் கருகிய புல்

"ஏய், அந்தப் புல்லுல வாய வெக்காத" என்று அம்மாசி பசுவின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரப்பிலிருந்து அவர் வீட்டு ஜன்னல் வரைக்கும், பச்சைப் புல் திட்டுத் திட்டாகக் கருகிக் கிடந்தது. மாட்டைக் கொல்ல எவனோ மருந்து தெளித்திருக்கிறான்.

எவனோ என்ன, அண்ணன் கொளஞ்சியப்பன்தான். அந்த வரப்புக்காக அடித்துக்கொண்டு, பேச்சு நின்று பல வருடமாகிறது. மனைவி போய்ச் சேர்ந்து, மகனும் திருப்பூரோடு தங்கிவிட்ட பிறகு, அம்மாசி வாய்திறந்து பேசுவதே இந்தப் பசுவிடம்தான். அதற்கும் உலை வைக்கப் பார்த்தால் வயிறு எரியாதா?

வரப்பில் மண்டிய கோரைக்கு அம்மாசியும் போன வாரம் களைக்கொல்லி மருந்து அடித்தவர்தான். முன்பு அடித்ததெல்லாம் இலையில் நிற்காமல் உருண்டு ஓடிவிட்டது. இந்தத் தடவை கள்ளக்குறிச்சி மருந்துக் கடைக்காரர் கூடவே ஒரு சின்ன பாட்டிலையும் நீட்டினார்.

"இந்த ஸ்டிக்கர ஒரு மூடி கலந்துக்குங்க. மருந்து எலைய புடிச்சிக்கும். ஆனா காயற வரைக்கும் யாரும் உள்ள எறங்காதீங்க. காலு, துணி எதுல பட்டாலும் ஒட்டிக்கினு கூடவே வந்துடும்."

அடித்து முடித்த அன்று சாயங்காலமே ஜுரம் ஆளைச் சாய்த்துவிட்டது. தள்ளாடித் தள்ளாடி வீட்டுக்கு வந்து ஜன்னலோரக் கட்டிலில் விழுந்தார். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. செத்தால்கூட நாற்றமெடுத்துத்தான் ஊருக்குத் தெரியும் என்று நினைத்து, அந்த வயதில் குலுங்கி அழுதார்.

அந்த ஆற்றாமையும் இப்போது சேர்ந்துகொள்ள, நேராக அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என் மாட்ட சாவடிக்கப் பாக்கறியா? என் வூட்டு ஜன்னல் வரிக்கும் இன்னாத்துக்கு மருந்து அடிச்ச?"

கொளஞ்சியப்பன் தலையைத் தூக்கவில்லை. "நான் மருந்துகிருந்து எதுவும் அடிக்கல."

"அப்ப புல்லு தானா கருகுச்சா? காலெடுத்து வெக்கற எட்டுக்கு ஒரு திட்டு. ஜன்னலுக்குக் கீழ மட்டும் ஒரு ஆளு குந்தற அளவுக்கு..."

சொல்லிக்கொண்டே வந்த அம்மாசி, அண்ணனின் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கி நீ தள்ளாடிக்கினு போனத பாத்தேன்" என்றார் கொளஞ்சியப்பன், தரையைப் பார்த்தபடியே. "பின்னாடியே வந்தேன். வரப்ப தாண்டறப்ப காலு, வேட்டியெல்லாம் நனஞ்சிப்பூட்டுது. ஜன்னல் வரிக்கும் வந்துட்டேன், எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உள்ள வர்றது?"

"அப்ப வூட்டுக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான?" என்றார் அம்மாசி.

"விடிய விடிய மொனகிக்கினு கெடந்தியே, எப்பட்றா வுட்டுட்டு வர்றது?"