வாய் நிறைந்த பூட்டு

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஹேண்டில் பூட்டுக்குச் சாவி தொலைந்துபோயிருந்தது. காலையிலிருந்து டப்பாவிலிருந்த சாவிகளையெல்லாம் போட்டுப் பார்த்துச் சலித்த மெக்கானிக், "டீ குடிச்சிட்டு வந்து துளை போட்டுற வேண்டியதுதான்" என்று கிளம்பினார்.

பூட்டுக்கு உயிரே போய்விட்டது.

"நான் இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று டப்பாவிலிருந்து எழுந்து வந்தது கார் சாவி. நுழைந்ததும் வலப்பக்கமாக ஒரே முறுக்கு. 'இப்படி முறுக்க நான் என்ன உன் மீசையா?' என்று கேட்கப் பூட்டு துடித்தது. வாய் நிறையச் சாவி இருந்ததால் முடியவில்லை.

அடுத்து வந்த பீரோ சாவியும் வலப்பக்கமே மல்லுக்கட்டிவிட்டு, "பிடிவாதம் பிடிச்ச ஜென்மம்" என்று திட்டிக்கொண்டே இறங்கியது.

கடைசியில் துருவேறிய மெலிந்த சாவி ஒன்று வந்தது.

"நீயா? உன்னைத்தான் காலையிலேயே போட்டுப் பார்த்துட்டுத் தூக்கி எறிஞ்சாரே" என்று சிரித்தது பீரோ சாவி.

மெலிந்த சாவி உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றது. "அண்ணே, எந்தப் பக்கம் திரும்பணும்?"

பூட்டு ஒரு கணம் திகைத்துப்போனது. "இடப்பக்கம், தம்பி. எங்க ஊர் வழக்கம் அப்படி."

கிளுக்.

மடங்கிக் கிடந்த ஹேண்டில் சோம்பல் முறித்து நிமிர்ந்தது.

"அட, இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றது பீரோ சாவி.

பதில் சொல்லப் பூட்டுக்கு ஆசைதான். ஆனால் வாயில் சாவி இருந்தது. இந்தச் சாவியைத் துப்ப அதற்கு மனமில்லை.